சேதத்துக்கான காரணம்

படிவத்தில் ஏழாவது கட்டம் அது,
பெருவிரல் அகலம்.
வட்டை விதானை ஆதங்காவா
பேனை மூடியைக் கடித்தபடி கேட்கிறார்:
“வெள்ளம் எண்டு எழுதவா மிஸ், மழை எண்டு எழுதவா?
மழை எண்டால், அந்த மழைக்கு ஆர் காரணம்?”

நான் சம்மாந்துறையில் மழைமானி வாசிப்பவள்.
காலை எட்டரை.
செப்புக் குடுவையைச் சரித்துக்
கண்ணாடிக் குழாயில் ஊற்றிக்
குனிந்து கண்மட்டத்தில் பார்ப்பது என் உத்தியோகம்.
தை பிறக்க நாலு நாள் இருந்த அந்த ஞாயிறு
குழாய் நிறைந்தது, கொட்டினேன்,
நிறைந்தது, கொட்டினேன்.
எண்ணிக்கை பிசகிவிடுமென்று
கரித்துண்டால் சுவரில் கோடு கீறினேன்.
எட்டுக் கோடு.

கதிர் பால் பிடித்து நின்ற வெள்ளாமை.
வரம்பு எது, வாய்க்கால் எதுவென்று
கொக்குக்கும் தெரியாமல் போயிற்று.

மறுகா,
வந்தாறுமூலையிலிருந்து அனோஜிதா வந்தாள்,
கணினியும் ஈரச் சப்பாத்துமாக.
பழைய பதிவேடுகள் வேண்டுமாம்.
சொன்னாள்:
கணக்கில் நாங்கள் இரண்டு பூமி வைத்திருக்கிறோம்.
ஒன்றில் நிலக்கரி எரிந்தது, எண்ணெய் எரிந்தது,
உங்கள் ஸ்கூட்டியும் புகைத்தது.
மற்றதில் எரிந்ததெல்லாம் அடுப்பளவு.
இரண்டிலும் மாரியை ஆயிரம் தரம் பெய்யவிட்டு
இப்படியொரு ஞாயிறு
எத்தனை தரம் வருகிறதென்று எண்ணுவோம்.
சூடேறிய காற்று கூடுதலாய்ச் சுமக்கும்,
இறக்கும்போது ஒரேயடியாய் இறக்கும்.

“அப்ப அந்தப் பூமியில மழையே இல்லையா?”
விதானைக்குப் பயம், அங்கே வெள்ளாமை கருகுமென்று.

இருக்கிறது.
அதே வாடைக்காற்று, அதே தாழமுக்கம்,
அங்கேயும் ஒருத்தி கரித்துண்டோடு நிற்கிறாள்.
ஆறாம் கோட்டில் நின்றிருப்பாள், சிலவேளை ஏழில்.
எங்கள் வரம்பு எட்டில் உடைந்தது.
அப்படித்தான் நடந்ததென்று அனோஜிதா சொல்லமாட்டாள்,
அப்படி நடக்க இடம் கூடிவிட்டதா என்றுதான் பார்ப்பாளாம்.

பதிவேட்டைப் புரட்டினாள்.
எழுபத்தெட்டு, கார்த்திகை:
‘மானி இல்லை’ என்று சிவப்பு மை.
சூறாவளி அதையும் கொண்டுபோயிருந்தது.
தொண்ணூறு, ஆனி:
அங்கிருந்து பக்கம் பக்கமாய்க்
கோடு கீறிய கட்டங்கள், எண் இல்லாமல்.
பெய்திருக்கும்.
குனிந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

அவள் விரல் அங்கே நின்றது.
இவ்வளவு ஓட்டையோடு
பலமாய் ஒன்றும் சொல்லேலாது என்றாள்.
பக்கத்து ஊர்க் கணக்கால் அடைக்கலாம் வழக்கமாக,
பக்கத்து ஊரிலும் அதே ஆனி.

இரண்டு பூமியிலும்
அந்தப் பக்கங்கள் வெறுமையாகத்தான் இருக்கும்.
அதற்குக் காற்றைக் குறை சொல்ல முடியாது.
இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
பதிவேட்டைப் பொலித்தீன் சுற்றிக் கொடுத்தேன்.

விதானை விடவில்லை.
“என்ட லேண்ட்மாஸ்டர் குடிச்ச டீசலும்
இந்த மழையில சேர்த்தியா?”
சேர்த்திதான், ஒரு சொட்டு.
“மற்றச் சொட்டெல்லாம் ஆர்ர?”
அனோஜிதா சப்பாத்தைக் கழற்றித்
தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள்.
அது இந்தக் கணக்கில் வராது, என்றாள்,
வேறொரு கணக்கு இருக்கிறது.

கச்சேரிக்கு மூன்று பிரதி வேண்டும்.
கார்பன் தாள் இரண்டை இடையில் வைத்து
அழுத்தி எழுதினார் ஆதங்காவா:
கூடின மழை.

மூன்றாம் பிரதியில் ‘மழை’ விழுந்திருந்தது.
முதற்சொல் ஒரு நிழல்.

பேனையை வாங்கி
அந்தச் சொல்லின் மேலேயே
இன்னொரு தரம் எழுதினேன்.